பெரட்டா, புரட்டா?

எங்கள் வானொலியில் இனிமேல் நேயர்கள் நேரலையில் பேசப் போவதில்லையாம். சொல்ல நினைப்பதைக் குரல் பதிவாக வாட்ஸ்அப் புலனத்தில் அனுப்பிவிட வேண்டுமாம். அதில் நல்லதாகப் பார்த்து, வெட்டி ஒட்டி ஒலிபரப்புவார்களாம். பிரியாதான் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அக்கா, ஃபோன் எடுத்த ஆளுங்கள்ல மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான். புதுப் பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன்" என்றாள். பிரியா இப்போது ஜொகூர் மாநிலக் கிளையின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். நான் இருந்த காலத்தில் காலை நேர அறிவிப்பாளர். அவள் கேட்டு நான் மறுத்ததில்லை. மறுத்தாலும் விடமாட்டாள்.

குரல் பதிவு வந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. யார் எப்படிப் பேசினால் என்ன, பேசினால் சரி. ஆனால் தொலைபேசியை எடுப்பது என்பது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

வானொலியில் வேலை பார்த்தேன் என்றால் எல்லாரும், "உங்க குரலக் கேட்டதே இல்லயே" என்பார்கள். கேட்டிருக்க முடியாது. நான் பேசியதெல்லாம் காற்றுக்கு வெளியேதான், ஒலிபரப்பில் வராது. நிலையத்துக்கு அழைக்கிறவர் முதலில் என்னிடம் வருவார். நான் விசாரித்து உள்ளே அனுப்புவேன். பேசி முடித்ததும் மறுபடி என்னிடமே திரும்பி வருவார். கல்யாண வீட்டில் வாசலில் சந்தனம் கொடுக்கிற ஆள் மாதிரி. வருகிறவர் எல்லாரையும் பார்ப்பேன், தாலி கட்டுவதை மட்டும் பார்க்க மாட்டேன்.

பள்ளி முடித்ததும் சேனாய் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். சில ஆண்டுகளில் அதே தொழிற்சாலையின் தொலைபேசி மேசைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து வானொலிக்கு வந்தேன். பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. கோவிந்தன் அண்ணன் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காந்து கேளு மேரி" என்றார். அவ்வளவுதான் பயிற்சி.

கோவிந்தன் அண்ணன் எங்கள் தயாரிப்பாளர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் ஒலிபரப்புக் கூடத்துக்குள் வருவார். நிகழ்ச்சி நடக்கும்போது உட்கார மாட்டார். கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி சுவரில் சாய்ந்து நிற்பார். புதிதாக வந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்துவிடுவார்கள். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் முதலில், "சாப்டியா?" என்று கேட்பார். அதனால் எங்கள் நிலையத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டாலே என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவோம். அவர் உண்மையிலேயே அன்பாகக் கேட்கிற நாளில்கூட நாங்கள் திட்டுக்குத் தயாராக நிற்போம்.

அவர் கற்றுக்கொடுத்த முறை இதுதான். அழைக்கிறவரின் பெயரைக் கேள். ஊரைக் கேள். வீட்டில் ஓடுகிற ரேடியோவை அடைக்கச் சொல், இல்லாவிட்டால் அவர் குரலே திரும்பி வந்து அவரைக் குழப்பும். என்ன சொல்லப் போகிறார் என்று ஒரே வரியில் கேள். ஒரு வரியில் சொல்லத் தெரியவில்லை என்றால் அவசரப்படுத்தாதே. பேசவிடு, அந்த வரி தானாக வரும். வந்ததும் அதைத் தட்டச்சு செய்து அறிவிப்பாளரின் திரைக்கு அனுப்பு. இவ்வளவும் எந்த நிலையத்திலும் இருப்பதுதான். கடைசியாக ஒன்று சொன்னார், அதை வேறு எங்கும் நான் கேட்டதில்லை. "காத்துல பேசிட்டுத் திரும்பி வர்றவங்களுக்குச் சரியாப் பேசுனோமான்னு இருக்கும் மேரி. நன்றி சொல்லு. சொல்லிட்டு உடனே ஃபோன வைக்காத. அவங்க முதல்ல வைக்கட்டும், அப்புறம் நீ வை."

இன்னொரு விதியும் இருந்தது. அது பிறந்த கதை வேறு. பெற்றோரைப் பார்க்க வராத பிள்ளைகள் என்ற தலைப்பில் ஒரு நாள் பேச்சு போனது. தெப்ராவிலிருந்து ஒரு தகப்பனார் பெயர் சொல்லாமல் தன் மகனைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். லாரி ஓட்டிக்கொண்டே கேட்ட மகன் அடுத்த நிமிடமே அழைத்துவிட்டார். அப்போதிருந்த அறிவிப்பாளர் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் இணைத்துவிட, ஜொகூர் முழுக்க ஒரு வீட்டுச் சண்டையைக் கேட்டது. மறுநாள் கடைகளிலெல்லாம் எங்கள் நிகழ்ச்சியைப் பற்றித்தான் பேச்சு. நாங்களும் பெருமையாக வந்தோம். கோவிந்தன் அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டு ஒவ்வொருவரையும், "சாப்டீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் போட்ட விதி: யாரைப் பற்றிய பேச்சோ அவர் வீட்டு ஆள் காற்றில் வரக்கூடாது. "இது ரேடியோ. பஞ்சாயத்து இல்ல" என்றார்.

இனி வெடி வேலன் விஷயத்துக்கு வருகிறேன். தொலைக்காட்சி நாடகங்களில் நகைச்சுவை வேடம் கட்டுகிறவர். வேலன் வந்தாலே பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு கட்சி தன் மாநில மாநாட்டுக்குச் சிறப்பு விருந்தினராக அவரை அழைத்திருந்தது. மேடையில் எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொல்வது வேறு, கோட்டுப் போட்டுக்கொண்டு உரையாற்றுவது வேறு. அது அவருக்கும் தெரியவில்லை, அழைத்தவர்களுக்கும் தெரியவில்லை.

முழுப் பதிவையும் நான் பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும். ஒலிவாங்கி அவர் தலைக்கு மேலே நின்றது, அதை இறக்கத் தெரியாமல் எக்கி எக்கிப் பேசினார். டத்தோ, டான்ஸ்ரீ என்று பட்டம் பெற்ற பிரமுகர்களை வரிசை மாற்றி அழைத்தார். திரும்பத் திரும்ப வணக்கம் சொன்னார். டயட்டைப் பற்றி ஒரு நகைச்சுவை சொன்னார், ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கட்சித் தலைவர் தாமதமாக உள்ளே வந்தார். மண்டபமே எழுந்து வரிசை வரிசையாக நின்றது. ஓரத்தில் செயலாளர் ஒவ்வொரு தொகுதியின் பெயராக வாசிக்க, அந்தந்தத் தொகுதிக்காரர்கள் குரல் கொடுத்தார்கள். வேலன் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இது எனக்குத் தெரிஞ்ச பெரட்டுதான். சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நிகழ்ச்சி நெறியாளர் ஒலிவாங்கியைப் பிடுங்காத குறையாக வாங்கி நன்றி சொல்லிவிட்டார்.

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று தெரியும். விடியுமுன் வேலையாட்கள் எல்லாரும் வரிசையில் நிற்க, தோட்டத்துக் கணக்கரான கிராணியார் பெயர் வாசித்து வேலை பிரித்துக் கொடுப்பது. ஆனால் அந்தப் பதிவின் கடைசித் துண்டை மட்டும் வெட்டிச் சமூக ஊடகத்தில் போட்ட ஆள், கீழே எழுத்தில் "புரட்டு" என்று போட்டுவிட்டார். இது எனக்குத் தெரிந்த புரட்டுதான், சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஓர் எழுத்து. ஏமாற்று வேலை என்று கட்சி மாநாட்டிலேயே சொன்னதாக ஆகிவிட்டது.

சில நாளில் அது ஊரெல்லாம் பரவியது. அப்படி ஒரு காலை எங்கள் தலைப்பு பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப்பை பாரம். புத்தகப்பையைப் பற்றிப் பேச ஓர் ஆளும் கிடைக்கவில்லை. தொலைபேசியின் எல்லா விளக்குகளும் மினுக்கிக்கொண்டே இருந்தன, எல்லாருக்கும் வேலனைப் பற்றிப் பேச வேண்டும். தலைமையகத்திலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், அந்தப் பேச்சு காற்றில் வரக்கூடாது என்று. ஆகவே ஊர் சொன்னதெல்லாம் என் ஒருத்தி காதோடு நின்றது.

கூலாயிலிருந்து மணியம் என்பவர், கட்சிக் கிளையில் பொறுப்பில் இருப்பவர், கொதித்துப் போயிருந்தார். "சோறு போட்டுக் கூப்ட்டா எங்களயே புரட்டுங்கறான். எங்க ஏரியாவுல இனி அவன் ஷோ நடக்காது, எழுதி வச்சிக்குங்க" என்றார். அடுத்து வந்தவர் எதிர்க்கட்சி அபிமானி போலிருக்கிறது. "அவன்தான்க்கா ஆம்பள. உண்மைய மூஞ்சிக்கு நேரா சொன்னான் பாத்தீங்களா. அவன தேர்தல்ல நிக்கச் சொல்லுங்க" என்றார். பாவம், வேலன் தனக்கே தெரியாமல் வீரனாகிவிட்டார். ஒரு பெண்பிள்ளை அவர் திரும்பத் திரும்ப வணக்கம் சொன்னதை அப்படியே பேசிக் காட்டிச் சிரித்தது. தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெரியவர் மட்டும், "அவன் சொன்னது பெரட்டும்மா, புரட்டு இல்ல" என்றார். சொன்ன கையோடு, "அதுவும் தப்புதான். தலைவரக் கங்காணி ஆக்கி, நம்மளக் கூலி ஆக்கிட்டான்" என்று அதற்கும் கோபப்பட்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் கோவிந்தன் அண்ணன் அந்தத் துண்டைப் போடச் சொன்னார். எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது எனக்கும் புரட்டு என்றுதான் விழுந்தது. "திரைய மூடிட்டு இன்னொரு தரம் போடு" என்றார். இப்போது தெளிவாகப் பெரட்டு. பிரியா பட்டணத்துப் பிள்ளை, அவளுக்கு அப்படி ஒரு சொல்லே தெரியாது. "பெரட்டலாக்கா? கோழிப் பெரட்டலா?" என்றாள். நான் விளக்கினேன். "ஐயோ, அலமாக். அப்ப நாம உடனே சொல்லிடலாம்லா, அண்ணே" என்றாள். "அவன் இதத்தான் சொன்னான்னு சொல்றதுக்கு நாம யாரு?" என்றார் அவர்.

அப்போதுதான் மறுபடி தொலைபேசி அடித்தது. பண்டார் தெங்காராவிலிருந்து பாக்கியம் என்றது குரல். வயதான குரல். என்ன சொல்லப் போகிறீர்கள் அம்மா என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"நான் வேலனோட அம்மா. எம் மவன் யாரையும் தப்பா சொல்லலன்னு சொல்லணும்."

நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்றேன். நாளைக்குப் பேசுகிறேன் என்றார். இந்த விஷயத்தை நாங்கள் காற்றில் எடுப்பதில்லை, எடுத்தாலும் வீட்டு ஆட்களைப் பேசவிடுவதில்லை என்று எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அவனும் பேச மாட்டேங்கறான்மா. வாயத் தொறந்தா இன்னும் கோவப்படுவாங்க, நம்ம ஆளுங்களக் கூலின்னு சொன்னதா ஆயிடும்னு ரூமுக்குள்ளயே கெடக்கான். நாடகத்துலேர்ந்து எடுத்துட்டாங்களாம். தாமான்ல அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க என்னப் பாத்தா பேச்ச நிறுத்திக்கறாங்க. கோயிலுக்குப் போறதில்ல நானு." பிறகு கேட்டார். "அம்மாவா பேசக் கூடாதுன்னா, நான் யாரா பேசலாம்?"

அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எண்ணைக் குறித்துக்கொண்டேன். அவர் வைத்தபின் நானும் வைத்தேன்.

நடந்ததை அப்படியே சொன்னேன். கோவிந்தன் அண்ணன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "யாரா பேசலாம்னா கேட்டாங்க?" ஆமாம் என்றேன். நானும் பிரியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கண்ணைத் திறந்து, "நாளைக்குத் தலைப்பு மாத்தறோம்" என்றார். "பெரட்டுன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? அதான் தலைப்பு. வேலன் பேரு வரக் கூடாது. கட்சிப் பேரு வரக் கூடாது. மாநாடுன்ற வார்த்தையே வரக் கூடாது. வந்தா வெட்டிடுவேன், யாரா இருந்தாலும்."

"தலைமையகம் கேட்டா, அண்ணே?"

"தோட்டத்து ஞாபகம், இதுல என்ன அரசியல்? அப்படியும் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

பணி ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்த மனிதர் சொன்ன வார்த்தை அது. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. தன் விதியையும் அவர் உடைக்கவில்லை, அந்த அம்மாவின் கேள்வியையும் தட்டிவிடவில்லை. நான் பாக்கியம்மாவை அழைத்துச் சொன்னபோது, "பெரட்டுல நின்னவளா பேசலாமா? அது போதும்மா" என்றார்.

மறுநாள் காலை பிரியா தலைப்பைச் சொல்லி வாய் மூடவில்லை, விளக்குகள் எல்லாம் எரிந்துவிட்டன. அப்படி ஒரு காலையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. இருட்டில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றதைச் சொன்னார் ஒருவர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளர், எல்லைப் பாலத்தில் நெரிசலில் நின்றபடி அழைத்து, தன் அப்பா இன்னமும் அந்த நேரத்துக்கே எழுந்து உட்கார்ந்துகொள்வார் என்றார். ஒரு மாது பேச ஆரம்பித்துப் பாதியிலேயே என் பக்கம் திரும்பி வந்துவிட்டார். என்னிடம் மட்டும், "நன்றிம்மா, யாரும் இதக் கேட்டதில்ல" என்றார். சொல்லே தெரியாத இளையவர்கள் அழைத்து அர்த்தம் கேட்டார்கள். வேலன் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. எடுக்காமலேயே ஒவ்வொருவருக்கும் விளங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்கு அவர்கள் குரலிலேயே தெரிந்தது.

கூலாய் மணியமும் வந்தார். நான் விதியைச் சொல்வதற்கு முன்பே, "தெரியும்லா, அவனப் பத்திப் பேசக் கூடாது. பேசல" என்றார். "எங்கப்பா பெரட்டுல நின்னவரு. அந்த வார்த்தைய நான் மறந்துட்டேன். அத மட்டும் சொல்லிக்கறேன்." உள்ளே அனுப்பினேன். காற்றில் அதை மட்டுமே சொன்னார்.

பாக்கியம்மா கடைசியாக வந்தார். ரேடியோவை அடைக்கச் சொன்னேன், பக்கத்தில் யாரோ அடைத்தார்கள். நேரலை என்றாலும் பேச்சு சில நொடி தாமதித்துத்தான் காற்றில் போகும், இடையில் வெட்டுவதற்கு ஒரு பொத்தான் உண்டு. கோவிந்தன் அண்ணன் சுவரை விட்டு வந்து அந்தப் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். கண் திறந்திருந்தது.

"பெரட்டுக்குப் போறப்ப, புள்ளைங்கள விடற ஆயாக்கொட்டக தொறந்திருக்காது" என்று ஆரம்பித்தார் பாக்கியம்மா. "புள்ளய எங்க விடறது? சாரோங் துணியில சுத்தி இடுப்புல வச்சிக்கிட்டே போயி நிப்பேன். கிராணியாரு பேர் படிப்பாரு. பாக்கியம்னு கூப்ட்டா, இருக்கேங்கய்யான்னு சொல்லணும். ஒரு நாளு எனக்கு இருமல், வாயத் தொறக்க முடியல. எம் மவன் சொல்லிட்டான், இருக்கேங்கய்யான்னு. பேச்சு வந்து கொஞ்ச நாளுதான் ஆச்சு அவனுக்கு. அத்தன பேரும் சிரிச்சிட்டாங்க. கிராணியாரும் சிரிச்சாரு. அதுக்கப்புறம் தெனமும் அவன்தான் சொல்லுவான். அந்த இருட்டுல சிரிக்கறதுக்கு வேற என்னா இருந்திச்சி? எம் பேரு எப்ப வரும்னு எல்லாரும் காத்துக்கிட்டு நிப்பாங்க."

பிரியா அடுத்த கேள்வி எழுதிய தாளை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"எங்கள வரிசையில நிக்க வச்சாங்க, நின்னோம். இப்ப நம்ம புள்ளைங்க கோட்டு போட்டுக்கிட்டு, அவங்களா எழுந்து நிக்கறாங்க. அதப் பாத்தா பெரட்டுல வளந்த புள்ளைக்குச் சந்தோசமாத்தான் இருக்கும்."

விரல் பொத்தானில் படிந்ததைப் பார்த்தேன். அழுத்தவில்லை. பெயர் வரவில்லை, கட்சி வரவில்லை, மாநாடு வரவில்லை. அந்த அம்மா விதியின் விளிம்பிலேயே நடந்து போய்விட்டார். கோவிந்தன் அண்ணன் விரலை எடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நடந்தவை பலருக்குத் தெரியும். யாரோ மாநாட்டுப் பேச்சின் அந்தத் துண்டைத் திருத்தி, சரியான எழுத்தோடு போட்டார்கள். பழையதும் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வேலனுக்குக் கொஞ்ச நாளில் வேறொரு நாடகம் கிடைத்தது. தலைமையகம் கேள்வி கேட்டது, கோவிந்தன் அண்ணன் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று எங்களிடம் சொல்லவில்லை. ஓய்வு பெற்றுப் போகிற நாளில் என்னிடம், "சாப்டியா மேரி?" என்றார். திட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, சாப்பிடத்தான் அழைத்துப் போனார்.

இத்தனை ஆண்டுகள் இந்த வேலை எனக்குக் கொடுத்தவற்றுக்கெல்லாம் ஒரே நன்றியாகச் சொல்ல வேண்டுமானால், அன்று பாக்கியம்மாவின் அழைப்பு என்னிடம் திரும்பி வந்த அந்தச் சில நொடிகளுக்குத்தான் சொல்வேன். உள்ளே பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. நான் நன்றி சொன்னேன். அவர் கேட்கவில்லை, காதிலிருந்து எடுத்துவிட்டார் போலிருக்கிறது, ஆனால் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"பேசிட்டேன்டா. நல்லாப் பேசினேனா?" என்றார் பக்கத்தில் இருந்த யாரிடமோ.

நாடு முழுக்கத் தெரிந்த அந்தக் குரல் மெதுவாக வந்தது.

"நல்லாப் பேசுனம்மா. எனக்குத்தான் பேசத் தெரியல."